மலைநாட்டுக் கற்கருவிகளும் பண்பாட்டு மாற்றக் கொள்கையும்

றொசல்லையைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலே பெருமழை பெய்து ஓய்ந்தபின் நடந்து செல்வோர், கான்களின் ஓரத்திலும் மண் அரித்த சரிவுகளிலும் வெண்ணிறக் கற்றுண்டுகள் சிதறிக் கிடக்கக் காண்பர். அவற்றுட் பெரும்பாலானவை இயற்கையாய் உடைந்த படிகக்கற்களே. பேச்சு வழக்கில் வெங்கச்சங்கல் எனப்படுவதும் இவ்வினத்ததே. ஆயின், மலைநாட்டின் பல பாகங்களில் இத்தகைய கற்களுக்கிடையே மனிதன் கைபட்டுக் கருவியாக மாறிய கற்களும் கிடைத்துள்ளன. மஸ்கெலியாவிலும் பண்டாரவளையிலும் கித்துள்கலையிலும் கிடைத்த அக்கருவிகளைப் பற்றி அறிஞர் பலர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுதி வந்துள்ளனர். அவர்கள் கண்ட முடிபுகள் யாவை, அவை எவ்வளவிற்கு ஏற்கத்தக்கன என்பவற்றைச் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி நமக்கு எதற்கு என்று கேட்பாரும் உளர். மலைநாட்டின் சரித்திரம் கோப்பித் தோட்டத்தோடு தொடங்கிற்று என்றும், அதற்கு முன் இங்கிருந்தது மனிதன் காலடி படாத காடு என்றும் எண்ணுவோர் நம்மிடையே பலர். அங்ஙனமே, கல்லை உடைத்துக் கருவி செய்தவன் அறிவிற் குறைந்தவன், அவன் கருவி மாறாதிருந்தமையால் அவன் வாழ்வும் மாறாதிருந்தது என்று எண்ணுவோரும் பலர். முன்னைய எண்ணத்தை அகழ்வாராய்ச்சி பொய்ப்பித்துவிட்டது. பின்னைய எண்ணமோ அறிஞர் நூல்களிலும் புகுந்து இடம் பிடித்துள்ளது. அதனையே ஈண்டு முதன்மையாக ஆராய்வாம்.

கல் உடைக்கும் கலை

கல்லை உடைத்தல் எளிது. நினைத்தவாறு உடைத்தல் அரிது. நுண்மணி அமைப்புடைய ஒரு கல்லின் விளிம்பருகே, ஏற்ற கோணத்தில், மற்றொரு கல்லால் அடித்தால், அடியின் விசை உள்ளே பரந்து, கூரிய ஓரமுடைய சில்லொன்று பெயர்ந்து விழும். அச்சில்லின் உட்புறத்தில், அடிபட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே, சிறு குமிழ் போன்ற புடைப்பொன்று தோன்றும். மனிதன் உடைத்த கல்லை இயற்கையாய் உடைந்த கல்லினின்றும் பிரித்தறிய ஆராய்ச்சியாளர் கொள்ளும் அடையாளங்களுள் இக்குமிழ் தலையாயது. சில்லுகளைப் பெயர்த்தெடுத்த தாய்க்கல்லைக் கருக்கல் என்பாம்.

பழைய கற்காலத்து மனிதன் முதலிற் கருக்கல்லையே கருவியாகக் கொண்டான். அதன் இரு முகங்களையும் மாறி மாறிச் செதுக்கி, ஒரு முனை கூர்த்தும் மறுமுனை பருத்தும் அமையச் செய்தது கைக்கோடரி. 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபட் புரூஸ் பூட் என்னும் நிலவியலறிஞர் சென்னைக்கு அருகே பல்லாவரத்திற் கற்கருவியொன்றைக் கண்டெடுத்ததிலிருந்து தென்னாட்டுக் கற்கால ஆராய்ச்சி தொடங்குகின்றது. அவ்வாண்டிலேயே அறியப்பட்ட அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் நடத்திய அகழ்வின் பயனாக, அங்குள்ள கைக்கோடரிகள் இற்றைக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டன என்பது 2011இல் வெளியாயிற்று.

அடுத்த நிலையில் மனிதன் கருக்கல்லை முன்னரே ஒழுங்குபடுத்தி, ஒரே அடியில் தான் எண்ணிய வடிவமுள்ள சில்லு பெயருமாறு செய்யக் கற்றான். கருவியைச் செதுக்குதற்கு முன், கருவி பிறக்கும் கல்லையே செதுக்கும் முறை இது. பிரான்சில் உள்ள ஓர் இடத்தின் பெயரால் இதனை லெவலுவா முறை என்பர். இதன் பின்னர் நீண்ட அலகுகளைப் பெயர்த்தல் தோன்றிற்று. ஈற்றில், விரல் நகத்தளவான சிறு சில்லுகளைப் பிறை வடிவாகவும் முக்கோண வடிவாகவும் திருத்தி, மரத்திலோ எலும்பிலோ பிசின் கொண்டு பதிக்கும் நுண்கற்கருவி முறை எழுந்தது. அம்பிலும் ஈட்டியிலும் இவ்வாறு பதித்த கற்களுள் ஒன்று முறிந்தால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிறுமையிலே பெரிய சிக்கனம் அடங்கியிருந்தது.

ஐரோப்பியப் படிக்கட்டு

மேற்கூறிய முறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்லும் படிகளாகக் கொண்டது 19ஆம் நூற்றாண்டின் கருத்து. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கபிரியேல் தெ மோர்த்தியே என்னும் பிரான்சிய அறிஞர், தம் நாட்டுக் குகைகளிலும் ஆற்றுப்படிவுகளிலும் கிடைத்த கருவிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் ஓர் ஊர்ப் பெயரிட்டார். முஸ்ரேரியன், சொலூத்திரியன், மக்டலேனியன் என்னும் பெயர்கள் அவ்வாறு வந்தனவே. பிரான்சு நாட்டளவில் அஃது அரிய பணி. ஆயின் பின்வந்தோர் ஒரு நாட்டின் வரிசையை உலக மனிதனின் வரிசையாகக் கொண்டனர். எந்நாட்டிற் கல் கிடைப்பினும் அஃது எந்தப் படியில் நிற்கின்றது என்று கேட்பதே முதல் வினாவாயிற்று. படி கிடையாவிடின் அந்நாட்டு மனிதன் பின்தங்கியவன் என்பது விடையாயிற்று.

இலங்கைக் கற்கால ஆராய்ச்சியும் இந்நிழலிலேயே பிறந்தது. வேடரைப் பற்றி முன்னரே பெருநூல் எழுதியிருந்த சுவிற்சலாந்து அறிஞர் பவுல் சரசினும் பிரிற்ஸ் சரசினும் 1907ஆம் ஆண்டில் ஊவாவிலுள்ள நில்கலைக் குகையை அகழ்ந்து, படிகக் கருவிகளைக் கண்டனர். 1908இல் வெளியான தம் நூலில் அவற்றை ஐரோப்பாவின் மக்டலேனியன் பண்பாட்டோடு ஒப்பிட்டு, வேடரின் முன்னோர் செய்தவை என்று துணிந்தனர். நிலத்தின் மேற்பரப்பிற் பொறுக்கியெடுத்தலோடு அமையாது குகையை அகழ்ந்து பார்த்தமை அவர்தம் சிறப்பு. ஆயின் அவர் முடிபில் இரு குறைகள் உள. வடிவ ஒப்புமை ஒன்றையே கொண்டு, கடலும் கண்டமும் இடையிட்ட இரு நாடுகளுக்கு ஒரே பண்பாட்டுப் பெயரை நெருக்கி வைத்தது ஒன்று. வேடர் கற்கால மனிதரின் எச்சம் என முதலிலேயே கொண்டு, பின் கிடைத்த கல்லையே அதற்குச் சான்றாக்கியது மற்றொன்று. எதனை நிறுவ வேண்டுமோ அதனையே ஏதுவாகக் கொள்ளுதல் அளவை நூலார் ஒப்பும் நெறியன்று.

துரைமார் சேகரித்த கற்கள்

சரசின் அறிஞர்க்கு முன்னரே, 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், மலைநாட்டுத் தோட்டங்களிற் கற்கருவிகளைக் கண்டு சேர்த்தோர் இருவர். ஒருவர் மஸ்கெலியாத் தோட்டத்துரை ஜோன் போல். மற்றவர் பூச்சியியலறிஞர் ஏணஸ்ற் கிறீன். போல் 1907இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் இவை பற்றி எழுதினார். 1913இல் இலங்கைக் கற்கருவிகளைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். தொழில்முறை ஆராய்ச்சியாளர் அல்லாத ஒருவர் தம் தோட்டத்து மண்ணைக் கூர்ந்து நோக்கி, பிறர் வெறுங்கல் எனத் தள்ளியவற்றிற் கைவேலையைக் கண்டமை பாராட்டுக்குரியது. படிகத்தைப் பொறுத்தவரை இஃது எளிதன்று. படிகம் உள்ளே கீறல்கள் நிறைந்தது. அடித்தால் ஒழுங்கின்றிச் சிதறுவது. மேற்கூறிய குமிழ் அதிற் பெரும்பாலும் தெளிவாகத் தோன்றுவதில்லை.

எனினும், போல் சேர்த்த கற்கள் மேற்பரப்பிற் கிடைத்தவை. ஒரு கல்லின் காலத்தை அதன் வடிவம் கூறாது; அது கிடந்த மண்ணடுக்கே கூறும். சரிவிலே மழைநீர் இழுத்து வந்த கல்லில், ஆயிரம் ஆண்டு முந்தியதும் முப்பதினாயிரம் ஆண்டு முந்தியதும் ஒருங்கே கலந்து கிடக்கும். ஆதலின், அக்கற்கள் இங்கே மனிதன் வாழ்ந்தான் என்பதற்குச் சான்றாகுமேயன்றி, எப்போது வாழ்ந்தான், எவ்வாறு மாறினான் என்பதற்குச் சான்றாகா.

இவ்விடத்தில் மற்றொன்றையும் நினைத்தல் தகும். காட்டை வெட்டி, கான் தோண்டி, தேயிலைக் கன்றுக்குக் குழி பறித்ததனாலேயே அம்மண் புரண்டது. புரட்டிய மண்வெட்டி தொழிலாளர் கையில் இருந்தது. சரித்திரத்தில் நிலைபெற்ற பெயரோ துரையினுடையது. கற்கருவி செய்தவனும் பெயரற்றவன். அதனை மண்ணிலிருந்து வெளிக்கொணர்ந்தவனும் பெயரற்றவன். இஃது ஒருவரைக் குறை கூறும் பொருட்டுச் சொல்லப்பட்டதன்று. கைவேலையைப் போற்றுவதாகக் கூறும் ஒரு சாத்திரம் கையை மறக்கலாகாது என்பதே கருத்து.

பின்னர் ஹாட்லி பண்டாரவளையில் நடத்திய அகழ்வும், வேலன்ட் 1919இல் வெளியிட்ட இலங்கைக் கற்காலங்கள் பற்றிய கட்டுரையும் ஆராய்ச்சியை முன்னெடுத்துச் சென்றன. 1958இல் பிரிட்ஜற் ஓல்சின் அம்மையார் இலங்கையின் பிந்திய கற்காலத்தைப் பற்றி விரிவாக எழுதினார். இவர்களுள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் பி. ஈ. பி. தெரணியகல. அவர் பிரான்சியப் பெயர்களை விடுத்து, இரத்தினபுரி, பலாங்கொடை என்னும் நம் ஊர்ப் பெயர்களாலேயே பண்பாடுகளை வகுத்தார். அயலவர் படிக்கட்டில் இடம் தேடாது, இந்நாட்டுச் சான்றை இந்நாட்டுச் சான்றாகவே நோக்கும் நெறிக்கு அது வாயில் திறந்தது.

காலக் கணக்கு செய்த மாற்றம்

கரிக்காலக் கணிப்பு முறை வந்தபின் படிக்கட்டு முற்றாகவே சரிந்தது. ஐரோப்பாவில் பிறை, முக்கோணம் முதலிய வடிவுடைய நுண்கற்கருவிகள் பனியுகம் முடிந்தபின் பெரிதும் பரவினமையால், அவற்றை இடைக் கற்காலத்தின் அடையாளமாகக் கொள்வது வழக்கம். சிரான் தெரணியகலவும் அவருடன் உழைத்தோரும் குருவிட்டைப் பத்ததொம்ப குகையிலும், ஹற்றனிலிருந்து கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்கும் வீதியில் உள்ள கித்துள்கலையின் பெலி குகையிலும் அகழ்ந்தபோது, இத்தகைய கருவிகள் ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்குகளிலேயே கிடைத்தன. 1992இல் வெளியான அவரது பெருநூல் இவற்றை விரித்துரைக்கின்றது. பின்னர் புளத்சிங்களைக்கு அருகேயுள்ள பாகியன் குகை, இக்கருவிகளின் தொடக்கத்தை 45,000 ஆண்டுகளுக்கும் அப்பாற் கொண்டு சென்றது. ஐரோப்பாவிற் கடைசிப் படியாக எண்ணப்பட்டது, இங்கே மழைக்காட்டு மனிதனின் முதற் கைவேலையாக நிற்கின்றது. படிகளின் வரிசை பொதுவிதி அன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

மறுபுறத்தில், அத்திரம்பாக்கத்திற் போன்ற கைக்கோடரி இலங்கையில் ஐயத்துக்கிடமின்றி இதுவரை கிடைத்திலது. இதனைக் குறையெனக் கொள்ளுமுன் கல்லை நோக்குதல் வேண்டும். அத்திரம்பாக்கத்தார்க்குப் பெரிய குவாட்சைற்றுக் கற்கள் மிகுதியாய்க் கிடைத்தன. இலங்கையில் எளிதிற் கிடைப்பது படிகம். சிற்சில இடங்களில் சக்கிமுக்கி இனத்தைச் சார்ந்த சேட்டுக்கல். கீறலற்ற பெரும் படிகத் துண்டு அரிது. சிறு கல்லைக் கையிற் பிடித்து அடித்தல் இயலாதாகலின், அதனைப் பட்டடைக்கல்லின்மேல் நிறுத்தி மேலிருந்து சுத்திக்கல்லால் அடிப்பர். அடியும் எதிரடியும் இரு முனைகளிலும் தாக்கச் சில்லுகள் பெயரும். இருமுனைத் தாக்கு என்னும் இம்முறையைச் சிலர் பண்படாதது என்பர். அவ்வாறு கூறுவோர் படிகத்தைத் தம் கையால் உடைத்துப் பார்த்தல் நன்று. பொருளுக்கேற்ற முறையைத் தேர்தல் அறிவின் குறைவன்று; நிறைவேயாம்.

மாறாக் கல்லும் மாறிய வாழ்வும்

இனி, நம் ஆராய்ச்சியின் நடுவிடத்துக்கு வருவாம். ஓஷன் வெடகேயும் உடன் ஆய்ந்தோரும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாகியன் குகையின் கற்கருவித் தொழில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை பெரிதும் மாற்றமின்றித் தொடர்ந்துள்ளது. பனியுகத்தின் கடுமை வந்து போயிற்று. மழையும் காடும் மாறின. கடல்மட்டம் தாழ்ந்து உயர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் படிகக்கல்லை உடைக்கும் முறை மட்டும் மாறவில்லை.

கருவி மாறாவிடின் பண்பாடு மாறாது என்னும் கொள்கையை ஒப்புவோமாயின், இம்மக்கள் நாற்பதினாயிரம் ஆண்டு உறங்கினர் என்று கூறவேண்டி வரும். குகையின் பிற சான்றுகளோ வேறு கதை கூறுகின்றன. அவர்கள் உண்டு எறிந்த எலும்புகளுட் பெரும்பாலானவை குரங்கு, மரஅணில் முதலியவற்றின் எலும்புகளாம். உயர்ந்த மரக்கிளைகளில் விரைந்தோடும் இவ்விலங்குகளைப் பிடிப்பது, சமவெளியிற் பெருவிலங்கை வளைத்துக் கொல்வதினும் எளிதன்று. அவ்வேட்டைக்குரிய கூர்முனைகளை அவர்கள் எலும்பாற் செய்தனர். 2020இல் வெளியான ஆய்வொன்று, அவற்றுட் சில வில்லம்பின் முனைகள் எனக் கொண்டு, ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லம்பு வழங்கியமைக்கு மிகப் பழைய சான்றுகளுள் அவற்றைச் சேர்க்கின்றது. சிப்பியாலும் செங்காவியாலும் செய்த மணிகளும் அங்கே கிடைத்துள்ளன. கித்துள்கலைக் குகையிலோ காட்டு ஈரப்பலாவும் கெக்குனக் கொட்டையும் உணவாயிருந்தமைக்குச் சான்றுண்டு. கடற்கரையிலிருந்து உப்பு அங்கே வந்தமைக்கும் அடையாளம் உண்டு. கரையோரத்தாரோடு கொடுக்கல் வாங்கல் இன்றி மலையடிவாரத்திற்கு உப்பு எங்ஙனம் வரும்?

எனவே, மாற்றம் நிகழ்ந்த இடம் வேறு. ஆராய்ச்சியாளர் அதனைத் தேடிய இடம் வேறு. மரமும் நாரும் தோலும் பிசினும் மழைக்காட்டு மண்ணில் மக்கிப் போயின. கல் மக்காது நின்றது. நின்றதைக் கொண்டு மட்டும் வாழ்வை அளந்தால், வீட்டின் அம்மிக்கல்லை மட்டும் கண்டு அவ்வீட்டாரின் விருந்தையும் பாட்டையும் வழிபாட்டையும் மதிப்பிட்டதாக முடியும். பாட்டி அரைத்த அம்மியில் பேத்தியும் அரைக்கின்றாள். அதனால் இருவர் வாழ்வும் ஒன்றென்பார் யார்?

தடையும் விடையும்

அங்ஙனமாயின் கற்கருவி ஆராய்ச்சி பயனற்றதோ என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். அற்றன்று. அத்திரம்பாக்கத்திற் கைக்கோடரி முறை தளர்ந்து லெவலுவா முறை தோன்றிய காலம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. அங்கே கல்லில் தெளிவான மாற்றம் உண்டு. அதனைச் செய்தாரின் சிந்தனையும் திட்டமும் மாறின என்று கொள்வதும் தகும். ஆயின் அம்மாற்றத்தைச் செய்தவர் எவ்வின மனிதர் என்று கூற அங்கே மனித எலும்பு கிடைத்திலது. கல் ஒரு முறையின் மாற்றத்தைக் காட்டும். மக்கள் மாறினரா, கற்றுக்கொண்டனரா, தாமே கண்டனரா என்பதைத் தனித்து நின்று காட்டாது.

நுண்கற்கருவிகளைப் பற்றியும் இதே வழக்கு நிகழ்கின்றது. அவற்றை ஆபிரிக்காவிலிருந்து வந்த மக்கள் கையோடு கொண்டுவந்தனர் என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் போல் மெலர்ஸ் 2006இற் கொள்கை வகுத்தார். தென்னாசியச் சூழலின் தேவையால் அவை இங்கேயே உருவாயின என்பர் மைக்கேல் பெற்றாக்லியா முதலியோர். பத்ததொம்ப குகைக் கருவிகளைத் தென்னாபிரிக்கக் கருவிகளோடு ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வு, செய்முறையில் இரண்டுக்கும் வேற்றுமைகள் உண்டு என்று காட்டிற்று. வடிவம் ஒத்ததனால் வழி ஒன்றாகாது என்பதே நாம் அறியவேண்டுவது. சரசின் அறிஞர் செய்த பிழை, நூறாண்டின்பின் புதிய உடையில் வந்தாலும் பிழையேயாம்.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. நம் நாட்டில் ஒவ்வொரு சமூகமும் தன் தொன்மையை நிலைநாட்டச் சான்று தேடும் காலம் இது. பலாங்கொடை மனிதனைத் தம் இனத்தின் நேர் முன்னோன் என உரிமை பாராட்டுவோர் உளர். நாற்பதினாயிரம் ஆண்டுக்கு முன் உடைந்த படிகச் சில்லில் எந்த மொழியும் எழுதப்படவில்லை. இன்றுள்ள மொழியும் சமயமும் அவனுக்கு இருந்தன என்பதற்குச் சான்றில்லை. தமிழர் ஆகிய நாமும் இவ்வாசைக்கு இடங்கொடுத்தல் தகாது. அவன் இம்மலையில் வாழ்ந்தான்; நாமும் வாழ்கின்றோம். அவ்வுறவே நமக்குப் போதியது. அது பொய் கலவாதது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கற்கருவியின் வடிவத்தைக் கொண்டு மக்களை மேல் கீழ் என வரிசைப்படுத்தும் கொள்கை இலங்கைச் சான்றின்முன் நில்லாது என்பது பெறப்படும். கல்லின் இயல்பு, செய்முறை, மண்ணடுக்கு, எலும்பு, விதை, மணி, உப்பு ஆகிய யாவும் ஒருங்கே வைத்து நோக்கப்படும்போதே பண்பாட்டு மாற்றம் புலனாகும்.

நம் மாணவர்க்கு இதனால் ஒரு கடமையும் உண்டு. தோட்டத்திலோ குகையோரத்திலோ ஐயத்துக்குரிய கல்லைக் கண்டால், அதனை எடுத்து வந்து அலுமாரியில் வைத்தல் அறிவன்று. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இத்தகைய பொருள்களைப் பாதுகாக்கின்றது. சட்டத்துக்கு அஞ்சியேனும் என்றல்ல, உண்மையின்பொருட்டே அக்கல் கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, தொல்பொருட் டிணைக்களத்தார்க்கு அறிவித்தல் வேண்டும். இடம் பெயர்ந்த கல் நாவறுந்த சாட்சி போன்றது.

கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் தலைமுறை தலைமுறையாக மாறாதிருத்தல் கண்டு, மலைநாட்டு மக்கள் மாறாதவர் என்று எழுதியோர் உண்டு. அக்கூடை சுமந்த கைகளே தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின, சங்கம் அமைத்தன, வாக்குரிமைக்குப் போராடின. கருவியை மட்டும் கண்டு மனிதனை அளப்பார் கற்காலத்தானிடத்துச் செய்யும் பிழையையே நம்மிடத்தும் செய்கின்றனர். படிகக்கல்லை உடைத்தவனுக்கு நாம் நியாயம் வழங்கக் கற்போமாயின், நமக்குரிய நியாயத்தையும் தெளிவாகக் கேட்கக் கற்றவராவோம்.